ஜிஎஸ்டி போட்ட எம்.டெக்.

பெங்களூரில் வேலையை விடாமல் எம்.டெக். படிக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நான் படிக்காமல் போட்டேன்.

ஒயிட்ஃபீல்டில் சிப் சோதனைப் பிரிவில் வேலை. ஐந்தாறு ஆண்டுகளில் திருநெல்வேலிக்குத் திரும்பி, ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்பது என் எண்ணம். உதவிப் பேராசிரியராக பி.இ. மட்டும் போதாது, எம்.இ. அல்லது எம்.டெக். வேண்டும் என்பது தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇயின் விதி. 2023 ஜூனில், இணையவழிப் படிப்புகளை விற்கும் ஒரு நிறுவனத்தின் படிவத்தை இணையத்தில் நிரப்பினேன். பத்தே நிமிடத்தில் போன் வந்தது. முதலில் ஆங்கிலம், என் ஊரைச் சொன்னதும் தமிழ். "நானும் சேலம்தான் அண்ணா." இந்த ஊரில் தமிழ்க் குரல் கேட்டால் நமக்குப் பாதி சந்தேகம் போய்விடுகிறது, அதைத் தெரிந்துதான் அந்தப் பையனைப் பேச வைத்திருக்கிறார்கள்.

வார இறுதியில் இணையவழி வகுப்பு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் முத்திரை, "எம்.டெக். மாதிரியேதான் அண்ணா". அந்த 'மாதிரி'யை நான் காதில் வாங்கவில்லை. கட்டணம் 3,20,000 ரூபாய், ஜிஎஸ்டி 57,600. முன்பணம் 17,600 போக, மீதிக்கு வட்டியில்லாத் தவணை, மாதம் 15,000 வீதம் 24 மாதம். செல்பேசியில் நான்கு முறை ஓடிபி சொன்னேன், முடிந்தது. அது ஒரு நிதி நிறுவனத்தில் என் பெயரில் எடுத்த கடன் என்பது முதல் தவணைக்கு வந்த குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

வகுப்புகள் படுமோசம் என்று சொல்ல மாட்டேன். பாதி பழைய காணொலி, மீதி கேள்விக்குப் பதில் தெரியாத உதவியாளர்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன், பட்டம் வருகிறதே என்று.

உண்மையை உடைத்தவர் அல்சூரில் எனக்கு வருமான வரிக் கணக்கு போடும் ஆடிட்டர். 2024 ஜூலையில், கல்விக் கடனுக்குக் கழிவு கிடைக்குமா என்று ரசீதை நீட்டினேன். "80இ பிரிவில் வட்டிக்குத்தான் கழிவு தம்பி, உங்கள் கடனில்தான் வட்டியே இல்லையே" என்றவர், ரசீதை இன்னொரு முறை பார்த்தார். "பட்டப் படிப்பு என்கிறீர்கள். பட்டத்துக்கு எதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி?"

சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்காகக் கல்வி நிறுவனமே மாணவருக்குப் பாடம் நடத்தினால் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பயிற்சி வகுப்புக்கு அது இல்லை. ஓராண்டாக என் கையில் இருந்த ரசீதிலேயே விடை இருந்திருக்கிறது. அன்றிரவு ஒப்பந்தத்தைத் திறந்தேன். பதினோராம் பக்கத்தில், இது 'முதுநிலைத் தரத்திலான சான்றிதழ்' என்றும், இந்திய அமைப்புகளின் அங்கீகாரத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றும் பொடி எழுத்தில் இருந்தது.

கொஞ்சம் தேடியிருந்தாலே தெரிந்திருக்கும். தொலைநிலையிலும் இணையவழியிலும் பொறியியல் பட்டம் நடத்த, பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 விதிகள் பொதுவாக இடம் தருவதில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சில அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களின் மீது உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரிலேயே கை வைத்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் விற்கும் இணையவழி முனைவர் பட்டங்கள் செல்லாது என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் 2022 அக்டோபரில் கூட்டாக எச்சரித்தன. நான் படிவம் நிரப்புவதற்கு எட்டு மாதம் முன்பு!

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சேர்ந்த ஏழு நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். சேலத்துப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். தவணையை நிறுத்தலாம் என்றால், நிதி நிறுவனம் "படிப்புக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை, கடன் உங்களுடையது" என்கிறது. நிறுத்தினால், வங்கிகள் கடன் தரும் முன் பார்க்கும் சிபில் மதிப்பெண் விழும். அடுத்த ஆண்டு வீட்டுக் கடன் கேட்கும் எண்ணமும் இருக்கிறது. ஆகவே கட்டுகிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்த பிறகு, வேறொரு 'படிப்புக்கு' மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன்.

எரிச்சல் எதில் என்றால், என் பிரிவில் இருந்த ஒருவர் அதே 2023-இல் கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணோடு வேலையை விட்டு, இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) முழுநேர எம்.டெக். சேர்ந்தார். அவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வந்தது. நான் மாதம் 15,000 கட்டினேன். அவருக்கு இரண்டு ஆண்டுச் சம்பளம் இல்லை, உண்மைதான். அப்போது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தேன். சோதனையிலிருந்து வடிவமைப்புப் பிரிவுக்குப் போக மட்டும் என்றால் எம்.டெக்.கே தேவையில்லை, சிப் வடிவமைப்புக்கான வெரிலாக் மொழியில் எழுதிக் காட்டினால் போதும் என்று என் மேலாளர் பிறகு சொன்னார். கல்லூரி வேலைக்கோ உண்மையான எம்.டெக். இல்லாமல் முடியாது. என்னுடையது இரண்டுக்கும் உதவாது.

கையெழுத்துப் போடும் முன் எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பெயரில் பட்டம், எந்த அங்கீகாரம் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பேசுபவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும் வாங்குங்கள். ரசீதில் ஜிஎஸ்டி இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

எனக்கு இன்னும் ஒன்பது தவணை பாக்கி. நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை ஆடிட்டரின் நண்பரான வழக்கறிஞர் எழுதிக்கொண்டிருக்கிறார்.