3000 மில்லிகிராம் கோபம்

பொங்கலுக்கு சிங்கப்பூரிலிருந்து மன்னார்குடி வந்திருந்த கூட்டாளி என் அலமாரியில் பாட்டில்களைப் பார்த்துவிட்டான். "மாப்ளே, இந்த சிபிடி எண்ணெய்ல எதுடா நல்லது? நானும் ஒண்ணு வாங்கிட்டுப் போறேன்." அங்கே எந்த வகையையும் கொண்டுபோகாதே, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடியே அந்த ஊரில் தடை என்று முதலில் அவன் வாயை அடைத்தேன். மீதிப் பதில் இது.

முட்டிவலிக்கும் தூக்கத்துக்குமாக ஒன்றரை வருஷமாகப் போடுகிறேன். முதலில் ஏமாந்து வாங்கியது ஹெம்ப் விதை எண்ணெய், அதாவது கஞ்சா விதையைப் பிழிந்தது. விதையில் சிபிடி இல்லையென்றே சொல்லலாம். இட்லிப்பொடியில் குழைத்துத் தீர்த்தோம். பிறகு ஆயுர்வேத மருத்துவர் சீட்டெழுதிக் கொடுத்தது ஃபுல் ஸ்பெக்ட்ரம். கஞ்சா இலையில் இருப்பதெல்லாம் இதில் வரும்: சிபிடி, வாசனை தரும் டெர்பீன்கள், போதை தரும் டிஎச்சியும் கொஞ்சம். கரும்பச்சை நிறம். மழையில் ஊறிய வைக்கோல்போரைக் கிளறின வாடை. நாக்கடியில் ஒரு நிமிஷம் வைத்திருக்கணும், அந்த ஒரு நிமிஷம் லேசில் போகாது. டிஎச்சியை மட்டும் எடுத்துவிட்டால் பிராட் ஸ்பெக்ட்ரம். ஐசோலேட் என்பது சிபிடி மட்டுமே, வெள்ளைத் தூள், வாடை கிடையாது.

எனக்கு வாடைகூடப் பழகிவிட்டது. பழகாதது லேபிள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 3000 மி.கி. அது மொத்தச் சாற்றின் எடை. சிபிடி 1000 மி.கி.தான் என்பது பின்பக்கம், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில். 30 மில்லிக்கு 1000 என்றால் ஒரு மில்லிக்கு 33. மில்லிக்கு 20 சொட்டு வைத்தால் சொட்டுக்கு ஒன்றரை மி.கி. சொச்சம். மாசக்கணக்கில் மூன்று மடங்கு போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன்! விற்றவர்களைக் கேட்டால், "இரண்டுமே அச்சில் இருக்கே சார்."

ஒரு சந்தோஷமும் உண்டு. மார்கழியில் குளியலறைத் தேங்காயெண்ணெய் கல்லாய் உறைந்த காலையில், பக்கத்திலேயே இருந்த இது தண்ணீராய் ஓடியது. இதில் சேர்ப்பதும் தேங்காயிலிருந்து எடுத்ததுதான், ஆனால் உறையாத பகுதியை மட்டும் பிரித்தது.

வலி பாதி குறைந்தது. தூக்கம் வருகிறது, எண்ணெயாலா, ராத்திரி டீயை விட்டதாலா, சத்தியம் செய்யமாட்டேன். அம்மாவும் இரண்டு சொட்டு கேட்டார். இதய வால்வுக்காக, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர். சிபிடி அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டிவிடும், ரத்தக்கசிவு வரலாம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். பாட்டில் மேல் தட்டுக்குப் போனது.

லேபிளைத் திருத்தும்வரை யாரும் வாங்காதீர்கள். நேற்று விலை இறங்கியிருந்தது, எனக்கு மட்டும் ஒன்று சொல்லியிருக்கிறேன். ஃபுல் ஸ்பெக்ட்ரமே.