பெட்டி தெரிஞ்சால் டிஸ்பிளே நல்லது எண்டு அர்த்தமில்லை: எல்சிடி வேண்டப் போறவைக்கு

யாழ் நகருக்குள் இலத்திரனியல் சாமான் விற்கும் ஒரு கடையில் 16×2 எல்சிடி (வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டும் சின்னத் திரை) வேண்டுபவர்கள் கவனம். பின்னால் ஐ2சி பலகை, அதாவது நாலே வயரில் திரையை இயக்கும் சின்னப் பலகை, பூட்டிய டிஸ்பிளே. ஈயம் வைத்துத் தரத் தனிக்காசு. மேசையில் வைத்து 5 வோல்ற் கொடுத்துக் காட்டுவார்கள். நீல வெளிச்சம் வரும், மேல்வரியில் 16 பெட்டி தெரியும். "பாருங்கோ, வேலை செய்யுது." வீட்டில் ஆர்டுயினோவில் (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்னக் கணினிப் பலகை) பூட்டினால் அதே 16 பெட்டிதான், ஓரெழுத்து வராது. திருப்பிக் கொண்டுபோனால், "ரெஸ்ற் பண்ணித்தான் தந்தனாங்கள், நீங்கள் வயரை மாறிக் குடுத்து எரிச்சுப்போட்டியள்" என்று கதை முடிந்துவிடும். அங்கிருந்து வந்த 4 டிஸ்பிளேயில் 3 இந்தக் கோலம்.

அவர்கள் காட்டுவது சோதனையே இல்லை. கட்டளை எதுவும் கிடைக்காத எல்சிடி மின் வந்ததும் ஒற்றைவரி நிலையில் நிற்கும். மேல்வரிப் பெட்டிகள் அதனால்தான். ஐ2சி பலகையிலுள்ள பிசிஎஃப்8574 சிப்பும் மின் வந்தவுடன் எல்லாக் கால்களையும் உயர்நிலையில் வைப்பதால் வெளிச்சம் தானாக எரியும். ஆக, மின் போகிறது, கொன்ராஸ்ற் ஏறியிருக்கிறது. இந்த இரண்டுக்கு மேல் அந்தக் காட்சி எதையும் நிரூபிக்காது.

உண்மையான பழுது ஈயத்தில். பலகைக்கும் எல்சிடிக்கும் இடையில் 16 கால். எழுத்து வருவதற்கு ஆர்எஸ், ஆர்டபிள்யூ, ஈ, டி4 முதல் டி7 வரை என்ற ஏழு கால்களும் சரியாகப் பிடித்திருக்க வேண்டும். ஒன்று விட்டாலும் பெட்டி, வெறுந்திரை அல்லது குழம்பிய எழுத்து. சூடு காணாத ஈயம் மங்கலாக, காலைச் சுற்றி உருண்டையாக நிற்கும். நல்லது பளபளவென்று கூம்பாக ஒட்டும்.

ஆனால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகமுதல் உங்கள் பக்கத்தைப் பாருங்கள், பாதிப் பிழை அங்கேதான் இருக்கும். ஆர்டுயினோ யூனோ என்றால் ஐ2சி பலகையின் எஸ்டிஏ வயர் ஏ4க்கு, எஸ்சிஎல் வயர் ஏ5க்கு. சிப்பின் பெயரில் 8574க்குப் பின்னால் 'ஏ' இருந்தால், ஆர்டுயினோ அந்தப் பலகையை அழைக்கும் முகவரி பெரும்பாலும் ஹெக்ஸ் 3எஃப் (0x3F), இல்லாவிட்டால் ஹெக்ஸ் 27 (0x27). முகவரி தேடும் ஸ்கெச் (ஆர்டுயினோ புரோகிராம்) ஒன்றை ஓட்டினால் தெரிந்துவிடும். பலகையில் கொன்ராஸ்ற்றை மாற்றும் நீலத் திருகியைச் சின்னத் திருப்புளியால் மெதுவாகத் திருப்புங்கள். எல்சிடியின் 3ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் ஏறத்தாழ அரை வோல்ற் முதல் ஒரு வோல்ற் வரை இருந்தால் எழுத்துத் தெரியும். 5 வோல்ற்றை நெருங்கினால் ஒன்றுமே தெரியாது.

முகவரி கிடைத்தும் பெட்டிதான் என்றால் வெளிச்சத்தை நொடிக்கு ஒருமுறை அணைத்து எரியவிடும் ஸ்கெச்சைப் போடுங்கள். வெளிச்சம் சிமிட்டுகிறது, எழுத்து இல்லை என்றால் உங்கள் வயரும் ஸ்கெச்சும் சரி. பிழை அநேகமாகப் பலகைக்கும் எல்சிடிக்கும் நடுவில். மல்ரிமீற்றரைச் சத்தம் போடும் நிலையில் வைத்து சிப்பின் 4ஆம் காலிலிருந்து ஆர்எஸ், 5இலிருந்து ஆர்டபிள்யூ, 6இலிருந்து ஈ, 9, 10, 11, 12இலிருந்து முறையே டி4, டி5, டி6, டி7 என்று தொட்டுப் பாருங்கள். மின்னைக் கழற்றிவிட்டு. ஊசியை எல்சிடிப் பலகையின் செப்புத் தடத்தில் வையுங்கள், காலில் வைத்து அழுத்தினால் விட்டுப்போன ஈயமும் அந்த நேரம் ஒட்டிக்கொண்டு உங்களை ஏமாற்றும்.

வேண்டும்போதே பிடிப்பதுதான் சுகம், அதுவும் பருத்தித்துறையிலிருந்தோ கிளிநொச்சியிலிருந்தோ பஸ் ஏறி வருபவர்களுக்கு. ஸ்கெச் ஏற்றிய யூனோ, நாலு வயர், பவர்பாங்க் கொண்டுபோங்கள். ஸ்கெச் இரண்டு முகவரிக்கும் அனுப்பட்டும், 32 கட்டத்திலும் எழுத்து மாறிக்கொண்டே இருக்கட்டும், வெளிச்சம் சிமிட்டட்டும். ஓடும்போது பின்பலகையை விரலால் இலேசாக அசையுங்கள். எழுத்து குழம்பினால் அந்த டிஸ்பிளேயை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். வயரை அவர்கள் கையாலேயே பூட்டச் சொன்னால் 'எரிச்சுப்போட்டியள்' கதைக்கு இடமில்லை. நேரும் எதிரும் மாறினால் சிப் உண்மையாகவே எரியும்.

காசு கொடுக்கமுதல் பில் கேளுங்கள், அதில் 'எழுத்து காட்டிச் சோதித்தது' என்று எழுதுவியுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள். ஏற்கெனவே வேண்டி மாட்டுப்பட்டவர்கள் பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். பில் இல்லாதவர்கள் 25 வாற் ஈயக்கோலைச் சூடாக்கி, ஈயம் பிடிக்க உதவும் பசை (ஃப்ளக்ஸ்) தடவி அந்த 16 காலையும் ஒருமுறை உருக்கிவிட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 3இல் 2 அப்படித்தான் உயிர் பெற்றன.