25 வருடமாகக் கையில் இருக்கும் மர ஹொக்கி ஸ்டிக்: தன்ராஜ் பிள்ளைக்காகக் காத்திருந்தவனின் அனுபவம்

1999ல் வாங்கிய ஸ்டிக் இது. மல்பெரி மரம், இந்தியாவில் ஜலந்தரில் செய்தது, நீளம் 36.5 அங்குலம், நிறை 21 அவுன்ஸ். கம்பெனி பெயர் இருந்த ஸ்டிக்கர் நாலு மாதத்திலேயே மழையில் உரிந்து போனது, அதனால் பெயரைத் தேட வேண்டாம். இன்றைக்கு இலங்கையில் எங்கள் மாத்தளையில் ஹொக்கி ஆடுகிற பிள்ளைகளின் கையில் மர ஸ்டிக்கைக் காண்பதே அரிது, எல்லாம் கார்பனும் ஃபைபரும்தான். ஒரு மர ஸ்டிக்கை இவ்வளவு காலம் பாவித்தால் அது எப்படி இருக்கும், எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்த ஆட்கள் குறைந்து வருகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் ஏன் வாங்கினேன் என்பதைச் சொல்லாமல் இதைப் பற்றி என்னால் எழுத முடியாது, ஏனென்றால் கடைக்குள் நான் போனதே இந்திய ஹொக்கி வீரர் தன்ராஜ் பிள்ளையால்தான்.

1998 டிசம்பரில் பாங்கொக் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. இறுதி ஆட்டத்தில் தென் கொரியாவைப் பெனால்டியில் தோற்கடித்தார்கள், தன்ராஜ்தான் கேப்டன், 32 வருடத்துக்கு அப்புறம் வந்த ஆசியத் தங்கம். எங்களுக்கு மாத்தளை ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்ட அந்த இரவு நாங்கள் போட்ட சத்தத்தில் கங்காணி வீட்டு நாய்கள் எல்லாம் குரைக்க ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் அடுத்த செய்தி வந்தது, தன்ராஜையும் இன்னும் ஆறு மூத்த வீரர்களையும் அணியில் எடுக்கவில்லை என்று. ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்றார்கள். ஆட்டப் பணம் கொடுக்கவில்லை, வசதி சரியில்லை என்று வீரர்கள் வாய் திறந்து கேட்டதற்குத்தான் இந்தத் தண்டனை என்று ஊரெல்லாம் பேச்சு. தங்கம் வாங்கித் தந்தவனை வீட்டுக்கு அனுப்புவதை எங்களால் தாங்க முடியவில்லை. அதிலும் தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சம்பளம் கேட்டவனை ஒதுக்கிவைப்பது என்றால் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

அப்போது எனக்கு 19 வயது. மாத்தளை திருகோணமலை வீதியில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. அவர் திரும்ப அணிக்கு வரும்வரை நான் ஆட்டத்தை விடமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு மூன்று மாதம் காசு சேர்த்து 1,400 ரூபாய்க்கு இதை வாங்கினேன். அதுவரை பள்ளிக்கூடத்து ஸ்டிக்குகளில் எது மிச்சம் கிடக்குமோ அதுதான் என் ஸ்டிக். அம்மா விலையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, சாக்கில் சுற்றி அரிசி டின்னுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக் கொடுத்தார்.

அவர் மீது எங்களுக்கு ஏன் அவ்வளவு பிடிப்பு என்று சிங்கள நண்பர்கள் கேட்பார்கள். இந்திய அணியில் எத்தனையோ நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள்தான். ஆனால் தன்ராஜின் கதை எங்கள் வீட்டுக் கதை. பூனாவுக்குப் பக்கத்தில் கட்கி என்ற ஊர், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன குடும்பம், அப்பா ஆயுதத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பார்த்துக்கொண்டவர், பிள்ளைகள் அந்தத் தொழிலாளர் குடியிருப்பில் உடைந்த ஸ்டிக்கையும் தூக்கியெறிந்த பந்தையும் வைத்துச் சேற்று மண்ணில் ஆடிப் பழகியவர்கள். என் தாத்தாவின் அப்பா மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக நடந்து மாத்தளைக்கு வந்தார். அப்படி வந்தவர்கள் கும்பிட்ட முத்துமாரியம்மனுக்குத்தான் இன்றைக்கும் மாசி மகத்தில் ஐந்து தேர் இழுக்கிறோம். ஒரே ஊர்ப்பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் பூனாவுக்குப் போயிருக்கலாம், ஒன்று இங்கே வந்திருக்கலாம். அங்கே போனவன் மகன் 339 சர்வதேச ஆட்டம் ஆடினான் என்றால் அதில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

சரி, ஸ்டிக்குக்கு வருகிறேன். புல்தரையில் இதற்கு இணை கிடையாது. வேகமாக வருகிற பந்தை நிறுத்தும்போது மரம் அதிர்ச்சியை உள்வாங்கிக்கொள்ளும், பந்து ஸ்டிக்கோடு ஒட்டி நிற்கும். கார்பன் ஸ்டிக்கில் அதே பந்து ஓரடி தள்ளித் தெறிக்கும், காலைக் குளிரில் விரல் எலும்பு வரை விண்ணென்று வலிக்கும். எங்கள் பக்கம் ஜனவரியில் காலை ஆறு மணிக்குப் பயிற்சிக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பந்தை உருட்டிக்கொண்டு போகிற ஆட்டத்துக்கு இது பிறந்த ஸ்டிக். ஹொக்கியில் ஸ்டிக்கின் உருண்ட பின்பக்கத்தால் பந்தை ஆடக்கூடாது, இடக்கைக்காரனுக்கு என்று தனி ஸ்டிக்கும் கிடையாது. அதனால் பந்தை இடப்பக்கம் இழுத்து உடனே வலப்பக்கம் தள்ள வேண்டுமென்றால் ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்டிக்கைத் திருப்பிப் போட வேண்டும். திருப்புவது மேலே இருக்கிற இடக்கை, கீழே இருக்கிற வலக்கை ஒரு குழாய் மாதிரி சும்மா தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். வலக்கை இறுகினால் எல்லாம் போச்சு. தன்ராஜ் இதை முழு ஓட்டத்தில் செய்வார், தலைமுடி பறக்க, பந்தைப் பார்க்காமல் எதிரே வருகிறவனின் இடுப்பைப் பார்த்துக்கொண்டே. நான் இரண்டு வருடம் லயத்து முற்றத்தில் செங்கல் வரிசை வைத்துப் பழகி நடந்துகொண்டே செய்கிற அளவுக்கு வந்தேன். ஓடிக்கொண்டே செய்ய இன்னும் மூன்று வருடம் போனது. மரத்தின் நிறை முழுக்கக் கீழ் முனையில் இருப்பதால் ஸ்டிக் தானாகவே புரண்டு கொடுக்கும், அதை மணிக்கட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும். இன்றைய ஸ்டிக்கில் இது வராது என்று சொல்லமாட்டேன், ஆனால் கற்றுத் தருவது மரம்தான்.

ஆகாதது எது என்றால் ஈரம். முனையைச் சுற்றி ஒட்டியிருக்கிற ஃபைபர் துணி முதல் மழைக்காலத்திலேயே ஓரத்தில் தூக்கிக்கொண்டது, உள்ளே தண்ணீர் போய் மரம் ஊதியது. ஆடி முடித்ததும் துணியால் துடைத்து நிழலில் தலைகீழாகச் சாய்த்து வைக்க வேண்டும், அடுப்படியில் வைக்கவே கூடாது. ஒருமுறை சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே பரணில் வைத்துவிட்டேன், கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழுந்தது. மாதம் ஒருமுறை லின்சீட் எண்ணெய் மெல்லியதாகத் தடவுவேன். தேங்காய் எண்ணெய் தடவினால் பிசுபிசுக்கும், மண் ஒட்டும்.

இதற்கிடையில் தன்ராஜைத் திரும்ப அணியில் எடுத்தார்கள், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஆடினார். போலந்தோடு வென்றிருந்தால் அரையிறுதி. கடைசி நேரத்தில் போலந்து கோல் போட்டு 1-1. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத இன்றைக்கும் மனசு வரவில்லை. 2003ல் அவர் தலைமையில் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 4-2 என்று தோற்கடித்து ஆசியக் கிண்ணம் வாங்கியபோது கடையில் எல்லோருக்கும் என் காசில் பால் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன்.

அப்புறம் 2004 ஏதென்ஸ். அவருக்கு 36 வயது, நாலாவது ஒலிம்பிக். அணியில் பெயர் வந்ததும் திருவிழா மாதிரி இருந்தது. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் அவரைப் பெரும்பாலும் வெளியேதான் உட்கார வைத்தார்கள், ஏழாம் இடத்துக்கான கடைசி ஆட்டத்தின் கடைசிச் சில நிமிடத்துக்கு இறக்கிவிட்டார்கள். நாலு ஒலிம்பிக், நாலு உலகக் கிண்ணம், நாலு சம்பியன்ஸ் கிண்ணம், நாலு ஆசிய விளையாட்டு ஆடியவருக்கு விடை கொடுத்த முறை அது. ஒரு மூத்த ஆட்டக்காரரைக் கூட்டிக்கொண்டு போனால் ஆட விட வேண்டும், இல்லையென்றால் முன்கூட்டியே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். இரண்டும் இல்லாமல் பெஞ்சில் வைத்திருந்ததை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் போட்ட கோல்களை எண்ணி அதிகாரபூர்வமாக ஒரு கணக்கு கூட வைக்கவில்லை, 170 இருக்கும் என்று கணித்துத்தான் சொல்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற இடத்தில் அரைக் கிலோவுக்குக் கூடக் கணக்கு இருக்கும்.

அதிலிருந்து எட்டு வருடம் எங்கள் கூட்டத்தில் ஒரே பேச்சுத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுப் படியில் உட்கார்ந்தால் யாராவது ஆரம்பிப்பார்கள்.

“மச்சான், இன்னும் ஒரு வருஷம் ஆடியிருக்கலாம்டா.”

“ஆட விட்டாங்களா அவரை?”

“கூப்பிட்டா இப்பவும் வருவாரு. கூப்பிடத்தான் ஆள் இல்ல.”

2006ல் என் ஸ்டிக் கழுத்தில் வெடித்தது. அடுப்புச் சூட்டில் விழுந்த அதே கோடுதான், ஒரு ஓங்கிய அடியில் நீளமாகப் பிளந்துவிட்டது. எறியச் சொன்னார்கள். உடைந்த ஸ்டிக்கில் பழகியவரின் ரசிகன் நான், எப்படி எறிவேன்? பக்கத்து ஊர் உக்குவளையில் ஒரு தச்சு பாஸ், அதாவது தச்சு மேஸ்திரி, இருந்தார், பிளவுக்குள் அரல்டைட் பசை ஊற்றி, இறுக்கிக் கட்டி இரண்டு நாள் வைத்து, மேலே நைலோன் நூலை நெருக்கமாகச் சுற்றி மறுபடியும் பூசிக் கொடுத்தார். நிறை கொஞ்சம் கூடியது. கட்டு இருக்கிற இடத்தில் வலக்கை வராது என்பதால் ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. ஓங்கி அடிப்பதை மட்டும் அன்றோடு விட்டேன், தள்ளுவதும் உருட்டுவதும்தான். உண்மையைச் சொன்னால் அதற்குப் பிறகுதான் என் ஆட்டம் நன்றாக ஆனது.

செயற்கைத் தரையில் இதைப் பாவிக்க வேண்டாம். தண்ணீர் தெளித்த தரை மரத்தை ஊற வைக்கும், அந்தத் தரையின் நார் முனையை அரம் போல அராவிவிடும். நான் மூன்று ஆட்டம் ஆடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், இரண்டு மில்லிமீற்றர் தேய்ந்திருந்தது. அங்கே ஆட 2010ல் ஒரு கார்பன் கலந்த ஸ்டிக் வாங்கினேன். அடி பலம் அதில் இரண்டு மடங்கு என்று கையே சொல்லும், வளைவு கூட இருப்பதால் பெனால்டி கோர்னரில் இழுத்து வீசவும் முடியும், மர ஸ்டிக்கின் நேர்க் கழுத்தில் அது சரியாக வரவே வராது. போட்டிக்கு ஆடுகிறவர்கள் யோசிக்காமல் அதையே வாங்குங்கள். 2022க்கு அப்புறம் விலை ஏறியிருக்கிற ஏற்றத்துக்கு நாலைந்து கடை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

2012 பெப்ரவரி கடைசியில் இந்தியாவில் வேர்ல்ட் சீரிஸ் ஹொக்கி தொடங்கியது. கர்நாடகா லயன்ஸ் அணியில் தன்ராஜ் பிள்ளை ஆடுகிறார் என்று செய்தி. 43 வயதில். நான் முதலில் பயிற்சியாளராக இருக்கும் என்றுதான் நினைத்தேன், இல்லை, ஆட்டக்காரராகவே. எங்கள் லயத்துக் கூரை டிஷ்ஷை இரண்டு நாள் திருப்பித் திருப்பிச் சரிசெய்தோம். சென்னைக்கும் ஒரு அணி இருந்ததால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தமிழ்நாட்டு அணியை விட்டுவிட்டு கர்நாடகாவுக்குக் கைதட்டுகிறாயா என்று சித்தப்பா என்னோடு சண்டைக்கே வந்தார். நான் அணிக்குக் கைதட்டவில்லை, ஒரு ஆளுக்குத்தான் கைதட்டினேன்.

ஓட்டம் குறைந்திருந்தது. பக்கவாட்டில் பந்தை எடுத்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டிப் போன காலம் முடிந்திருந்தது, இளம் பையன்கள் அவரை எளிதாகப் பிடித்தார்கள். அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் பந்து அவரிடம் வந்து நின்ற விதம் இருக்கிறதே, அது அப்படியேதான் இருந்தது. மெதுவாக, சத்தமில்லாமல், தரையோடு தரையாக. கையில் இருந்தது புதுக்காலத்து ஸ்டிக், வலக்கை மட்டும் அதே குழாய். சித்தப்பா கூடப் பேச்சை நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, “கை போகலடா” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்தப் போட்டி ஒரே வருடத்தோடு நின்றுவிட்டது, அடுத்தது நடக்கவே இல்லை. திரும்பி வந்தும் என்ன கிடைத்தது என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு நிறையக் கிடைத்தது. ஏதென்ஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முகம்தான் எட்டு வருடம் என் கண்ணில் நின்றது, அதற்குப் பதிலாக வியர்வையோடு மைதானத்தில் நின்ற முகம் வந்துவிட்டது.

இப்போது இந்த ஸ்டிக்கை அதிகம் எடுப்பது என் அக்கா மகள். 13 வயது, பள்ளிக்கூட அணியில் ஆடுகிறாள், அவளுக்கென்று கார்பன் ஸ்டிக் இருக்கிறது. சாயங்காலம் முற்றத்தில் செங்கல் வரிசைக்கு மட்டும் இதைக் கேட்பாள். நீளம் அவளுக்குக் கூடத்தான், ஆனால் வெட்டிக் குறைக்க அவளே விடவில்லை. போன மாதம் தன்ராஜின் பழைய ஆட்டம் ஒன்றை ஃபோனில் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை பார்த்துவிட்டு, “மாமா, இவரு இடது கையை எப்பத் திருப்புறாரு? தெரியவே மாட்டேங்குது” என்றாள். எனக்கும் 25 வருடமாகத் தெரியவில்லை என்று சொன்னேன்.

கட்டு இன்னும் பிடித்திருக்கிறது, முனை ஃபைபரை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது, எண்ணெய் மாதம் ஒருமுறை. கைப்பிடியில் சுற்றுகிற கிரிப் மட்டும்தான் இப்போது பிரச்சினை. பழைய டவல் கிரிப் எங்கேயும் கிடைப்பதில்லை, புது ரப்பர் கிரிப் போட்டால் வலக்கைக்குள் ஸ்டிக் வழுக்கித் திரும்ப மறுக்கிறது. மாத்தளையிலோ கண்டியிலோ எந்தக் கடையிலாவது டவல் கிரிப்பைக் கண்டால் சொல்லுங்கள், இரண்டு வாங்க வேண்டும்.