அந்துருண்டையா, உப்பு டப்பாவா, மெஷினா? புத்தகப் பேனை ஒழித்த கதை

போன ஐப்பசியில் அகராதியை எடுத்துப் பிரித்தேன். பக்கத்தின் மேல் தூசு நகர்ந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் அளவில் வெளிறிய பூச்சி, இறக்கை கிடையாது. புத்தகப் பேன். எங்களுடையது தரைத்தள வீடு, அலமாரி சாய்ந்திருக்கும் சுவரில் ஓதம்.

முதலில் அந்துருண்டை. நெடிதான் மிச்சம். கைக்குழந்தை உள்ள வீட்டில் நாப்தலீன் வேண்டவே வேண்டாம், சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும்.

இந்தப் பூச்சிக்கு முக்கிய உணவு, ஈரத்தில் தாளிலும் பசையிலும் படரும் பூஞ்சை. உடம்புக்கு வேண்டிய நீரைக் காற்றிலிருந்தே இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நிலையாக இருந்தால் காய்ந்து செத்துவிடும். வீடுகளில் அதிகம் காணப்படும் வகைக்கு ஆண் துணையே தேவையில்லை. ஒன்று தப்பினாலும் மறுபடி பெருகும். அதனால் கொல்வதைவிட அறையை உலர்த்துவதுதான் வழி.

உலர்த்த, காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகும் உப்பான கால்சியம் குளோரைடு டப்பா மலிவு. இறுக மூடும் பீரோவுக்கு அது போதும். என் அலமாரிக்குக் கதவில்லை. பத்து நாளில் டப்பா நிறைந்துவிட்டது. அந்த உப்புத் தண்ணீர் கவிழ்ந்தால் தாளில் பட்ட இடம் லேசில் காயாது. மழைக்காலம் முழுக்க அதைக் காவல் காக்க என்னால் முடியவில்லை.

கடைசியில் டிஹியூமிடிஃபையர், அதாவது காற்றின் ஈரத்தை இழுத்துத் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும் மெஷின், வாங்கினேன். விலை அதிகம்தான். ஆனால் பராமரிப்பு எனக்கு ஒத்துவருகிறது: ராத்திரி தொட்டித் தண்ணீரைக் கொட்ட வேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். ஜன்னலைச் சாத்தாமல் ஓட்டினால் மட்டும் வீண். 240 வாட், ஐந்து மணி நேரம் ஓட்டினால் 1.2 யூனிட். அறை கொஞ்சம் சூடாகும். 82 காட்டிய ஈரமானி நாலாம் நாள் 55க்கு வந்தது. மூன்று வாரத்தில் பூச்சி கண்ணில் படவில்லை. ஒரு மழைக்காலம்தான் ஓட்டியிருக்கிறேன், எத்தனை வருஷம் உழைக்கும் என்று இப்போதே சொல்ல முடியாது. குளியலறை ஓரத்து வெள்ளிப்பூச்சிகள் இன்னும் இருக்கின்றன.

வாங்குவதாக இருந்தால் ஈரமானியைப் புத்தகங்களுக்குப் பின்னால், சுவரோரம் வையுங்கள். அறை நடுவில் 55 காட்டியபோது அங்கே 68 இருந்தது. அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போட்ட பிறகுதான் அங்கேயும் 60க்குக் கீழே இறங்கியது.