முள் கத்தரிக்கு எந்த வலை? 40 மெஷ்ஷா, கொசு வலையா?

இலவம்பாடி முள் கத்தரியில் காம்பு, இலை நரம்பு, தண்டு என்று எங்கே பார்த்தாலும் முள். ஆனால் அந்த முள் நம் விரலுக்குத்தான். தண்டையும் காயையும் குடையும் அந்துப்பூச்சிப் புழுவான ‘தண்டு, காய்த் துளைப்பான்’ அதைக் கண்டுகொள்வதே இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வேலூர்ப் பக்கம் மாடியிலும் கொல்லையிலும் இந்தக் கத்தரியை வைப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மருந்து அடிக்காமல் வலை போட்டே காப்பாற்ற முடியுமா, முடியும் என்றால் எந்த வலை?

கடையில் மூன்று வலைகள் கிடைக்கும். பச்சை நிற நிழல் வலை, ‘40 மெஷ்’ என்று விற்கும் பூச்சி வலை, ஜன்னலுக்கு அடிக்கும் கொசு வலை. காய்க்கும் கத்தரிக்கு என் ஓட்டு கொசு வலைக்கு. 40 மெஷ் நாற்றுப் பருவத்தோடு நின்றுவிட வேண்டும். நிழல் வலை இந்தப் போட்டியிலேயே இல்லை.

நிழல் வலையை முதலில் முடித்துவிடுவோம். 50 சதவீத வலை பாதி வெளிச்சத்தை எடுத்துக்கொள்ளும். கத்தரி நெட்டையாக வளர்ந்து, இலை பெருத்து, பூ குறையும். அதன் கண்கள் ஒரே அளவில் இருக்காது. இழுத்துக் கட்டினால் இன்னும் அகலும். அந்துப்பூச்சியை நிறுத்தும் என்று அதை நம்ப முடியாது. அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கு வெயிலைத் தணிக்க 35 சதவீத வலையைச் செடிக்கு மேலே ஓரடி உயரத்தில் தனியாகக் கட்டலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். கடையில் பொதுவாக ‘செடிக்குப் போடும் நெட்’ என்று கேட்டால் இதையே எடுத்துப் போடுவார்கள், அது வேறு விஷயம்.

இனி மற்ற இரண்டும். மெஷ் என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை கண் என்ற எண்ணிக்கை. 40 மெஷ் என்றால் 25.4 மில்லிமீட்டரில் 40 கண். ஒரு கண்ணும் ஒரு நூலும் சேர்ந்து 0.635 மி.மீ. நூல் 0.2 மி.மீ தடிமன் என்று வைத்தால் திறப்பு 0.43 மி.மீ. ஜன்னல் கொசு வலையில் அங்குலத்துக்கு 16 கண் என்றால், நூல் போக திறப்பு ஏறக்குறைய 1.3 மி.மீ. வாங்கும்போது ஸ்கேலை வைத்து, போன் கேமராவைப் பெரிதாக்கி, அரை அங்குலத்துக்கு எண்ணிப் பாருங்கள். 40 மெஷ் என்றால் 20 கண் இருக்க வேண்டும். பல சமயம் 14, 15-தான் தேறும்.

எந்தப் பூச்சி எதில் நிற்கும்? துளைப்பானின் தாய் அந்துப்பூச்சி இறக்கை விரித்தால் சுமார் 2 செ.மீ. கொசு வலையே அதற்குப் போதும். இலையைச் சல்லடையாக்கும் புள்ளி வண்டும், சாம்பல் நிற மூக்கு வண்டும் நுழையாது. சாறு உறிஞ்சும் பொடிப் பூச்சிகளான வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன் மூன்றும் கொசு வலையில் தாராளமாகப் போய் வரும். சரி, 40 மெஷ் அவற்றை நிறுத்துமா என்றால், முழுதாக இல்லை. வெள்ளை ஈயின் உடல் அகலம் கால் மில்லிமீட்டர்தான், இலைப்பேன் அதைவிட ஒல்லி. 40 மெஷ் வெள்ளை ஈயின் வரத்தைக் குறைக்கும், அவ்வளவே. அதை முற்றாகத் தடுக்க 50 மெஷ்ஷும் அதற்கு மேலும் போக வேண்டும். அங்கேதான் வேலூருக்கே உரிய சிக்கல் தொடங்குகிறது: காற்று.

மேலே சொன்ன கணக்கையே நீட்டினால் 40 மெஷ் வலையின் பரப்பில் திறந்திருப்பது 46 சதவீதம், 16 கண் வலையில் 70 சதவீதம். நிஜத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. கண் சிறுக்கச் சிறுக்கக் காற்று நூலோடு உரசியே வேகம் இழக்கும். போதாக்குறைக்கு நம் ஊர்ப் புழுதி. நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு என்றால் இரண்டே வாரத்தில் 40 மெஷ் கண்கள் பாதி அடைபட்டு, வலை சாம்பல் பூத்த துணி மாதிரி ஆகிவிடும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை உள்ளே இருந்து வெளியே பார்த்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால்தான் காற்று வரும். வெளியே இருந்து அடித்தால் புழுதி கண்ணுக்குள் இன்னும் இறுகும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் சித்திரை மாதத்தில் வலை கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது?

காற்று நின்றால் என்ன கெடும்? முதலில் பூ. வெயில் 35 டிகிரியைத் தாண்டினாலே கத்தரியில் பூ உதிர்வு கூடும். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே வெளியிலேயே 40 தொடும். வலைக்குள் தேங்கும் சூடு அதற்கு மேல். சந்தேகம் இருந்தால், மதியம் இரண்டு மணிக்கு ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகளை எடுத்து, ஒன்றை வலைக்குள்ளும் இன்னொன்றை வெளியேயும் நிழலில் தொங்கவிட்டுப் பாருங்கள். அடுத்தது மகரந்தம். கத்தரிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் மகரந்தப் பையின் நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத் தூள் கொட்ட ஓர் ஆட்டம் வேண்டும். வெளியில் அந்த வேலையை ரீங்காரமிட்டு உலுக்கும் தச்சுத் தேனீ போன்ற காட்டுத் தேனீக்களும் காற்றும் செய்கின்றன. எந்த வலை போட்டாலும் தேனீ கிடையாது; கொசு வலைக்குள் காற்றாவது செடியை அசைக்கும். 40 மெஷ்ஷுக்குள் செடி பொம்மை மாதிரி நிற்கும். காலை ஏழு மணியிலிருந்து பத்துக்குள் ஊன்றுகோலை விரலால் தட்டிவிடுவது இரண்டு வலைக்கும் நல்லது, 40 மெஷ்ஷுக்குக் கட்டாயம்.

இன்னொன்று பலர் யோசிக்காதது. கதவைத் திறக்கும்போது நம் சட்டையில் ஒட்டிக்கொண்டு நாலு வெள்ளை ஈயோ அசுவினியோ உள்ளே வந்துவிடும். அவற்றைத் தின்னும் பொறிவண்டு இரண்டு வலைக்குள்ளும் வராது. ஆனால் அசுவினிக்குள் முட்டை வைக்கும் மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் கொசு வலையின் கண்ணில் புகுந்துவிடும். 40 மெஷ்ஷில் பூச்சிக்கு எதிரியே இல்லாத அரண்மனை கட்டிக் கொடுத்த கதைதான். இலைச் சாற்றை உறிஞ்சும் பொடிச் செஞ்சிலந்தியும் அப்படித்தான் பெருகும்: இலையின் மேல்பக்கம் மஞ்சள் புள்ளி, பிறகு அடியில் மெல்லிய நூலாம்படை. வாரம் ஒரு முறை இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுங்கள். அசுவினி தெரிந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்புக் கரைசல், மாலை வேளையில். வலைக்குள் ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கினால் எது பெருகுகிறது என்று முன்கூட்டியே தெரியும்.

கொசு வலைக்கும் ஓர் ஓட்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது. சிற்றிலை நோயைப் பரப்பும் தத்துப்பூச்சி ஒல்லியானது, 1.3 மி.மீ கண்ணில் நெருக்கி நுழைந்துவிடும். செடி குட்டையாகி, இலை மிளகாய் இலை போலச் சிறுத்துக் கொத்தாக வந்தால் மருந்து தேட வேண்டாம். வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

40 மெஷ் ஜெயிக்கும் இடம் நாற்றங்கால். தக்காளி இலைச்சுருள், வெண்டை மஞ்சள் நரம்புத் தேமல் இரண்டையும் வெள்ளை ஈதான் கொண்டுவருகிறது. இளஞ்செடியில் விழுந்தால் விளைச்சலே போயிற்று. குழித்தட்டுக்கு மேல் 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கூண்டு போதும். கத்தரி நாற்றுக்கு 30 முதல் 35 நாள், தக்காளிக்கு 25. காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வையுங்கள். பூவே இல்லாத பருவம் என்பதால் காற்று குறைவதன் நஷ்டம் சிறிது. கடைசி ஐந்து நாள் தினமும் சிறிது நேரம் திறந்து வைத்துச் செடியை வெயிலுக்குப் பழக்குங்கள். கோஸ், காலிஃப்ளவருக்கு மேலே சொன்ன தீர்ப்பை அப்படியே நீட்ட எனக்குத் தயக்கம். அவை இங்கே மார்கழி, தை குளிரில் வளர்பவை, பூ பிடிக்கும் கவலையும் இல்லை. அங்கே 40 மெஷ் நன்றாகவே பொருந்தலாம். பீர்க்கு, பாகல் பந்தலுக்கு வலையே வேண்டாம். பிஞ்சு விரல் அளவு ஆனதும் காய்க்குக் காய் துணிப்பை மாட்டுவதே பழ ஈக்குச் சரியான பூட்டு.

கட்டும் விதம். கடையில் கொசு வலை 4 அடி அகலச் சுருளாகக் கிடைத்தால் பாத்தியை அதற்குத் தக்கபடி மூன்றரைக்கு ஏழரை அடியாக எடுங்கள். உயரம் 5 அடி. சவுக்குக் கம்போ முக்கால் அங்குல பிவிசி குழாயோ சட்டத்துக்குப் போதும். ஒரு பக்க மண்ணிலிருந்து ஏறி, கூரை தாண்டி, மறுபக்கம் இறங்க 5 + 3.5 + 5 அடி, புதைக்க இருபுறமும் ஓரடி: மொத்தம் பதினைந்தரை அடி. அப்படி இரண்டு துண்டு. தலைப்பக்கம், கால்பக்கம் அடைக்க ஆறடித் துண்டு இரண்டு. கூட்டினால் 43 அடி; 14 மீட்டராக வாங்கினால் ஓர் ஒட்டுக்கும் மீதி இருக்கும். துண்டுகளை இரண்டு அங்குலம் மேலேற்றி, கோணி ஊசியில் தங்கூஸ் (தூண்டில் நைலான் நரம்பு) கோர்த்துத் தையுங்கள். பருத்தி நூல் ஒரு வெயிலுக்கே இற்றுவிடும். வலையும் யூவி (வெயிலின் புற ஊதாக் கதிர்) தாங்கும் எச்டிபிஇ என்ற கெட்டிப் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மெத்தென்ற வெள்ளை நைலான் துணி ஒரு கோடையிலேயே அப்பளம் போல் நொறுங்கும். குழாய் மூட்டுகளில் வலை உரசும் இடத்தில் பழைய வேட்டித் துணியைச் சுற்றுங்கள், கிழிவது அங்கேதான் தொடங்கும்.

அந்தப் பாத்திக்கு ஐந்து செடி போதும், வளைந்து வளைந்து. ஆறாவது செடிக்கு ஆசைப்பட்டால் இலை வலையைத் தொடும். முள் கத்தரியில் அது இரட்டைத் தொல்லை: முள் மாட்டி வலை கிழியும், தொடும் இலையில் வெளியிலிருந்தே அந்துப்பூச்சி முட்டை வைக்கலாம். சுற்றிலும் முக்கால் அடி இடைவெளி விட்டு, நீளும் கிளையைக் கவாத்து செய்யுங்கள்.

வலை போட்டும் புழு வந்தது என்பவர்களின் பாத்தியில் காரணம் பெரும்பாலும் கீழேதான் கிடக்கும். துளைப்பான் காய்ந்த சருகிலும் செடியின் அடியிலும் கூட்டுப்புழுவாகும். மூக்கு வண்டின் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும். போன முறை கத்தரி இருந்த மண்ணிலேயே வலை போட்டால் திருடனை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி. சருகை எல்லாம் வாரி எரித்து, மண்ணைக் கிளறி, மூன்று வாரம் வெயிலில் காயவிட்டு நடுங்கள். நாற்றோடு முட்டை வந்திருக்கலாம் என்பதால் முதல் மூன்று வாரம் தொங்கிய நுனி எதையும் விடாதீர்கள்: ஓர் அங்குலம் கீழே வெட்டி, பிளந்து, புழுவை நசுக்குங்கள். இந்த அந்துப்பூச்சி இரவில் பறப்பது. ஆகவே காய் பறிக்க, களை எடுக்கப் பகலில் மட்டும் திறக்க வேண்டும். விளக்கு வைத்த நேரத்துக்கு மேல் கை வைக்கக் கூடாது. கதவுக்கு ஜிப் தேவையில்லை, ஓரடி மேலேறிய மடிப்பும் துணி க்ளிப் ஆறும் போதும்.

மாடியில் புதைக்க மண் கிடையாது. மணல் நிரப்பிய பழைய சைக்கிள் டியூப்பை வலையின் ஓரத்தில் சுற்றிக் கிடத்துங்கள். தரையில் என்றால் ஓரத்தைத் தளர்வாக விடவே கூடாது. சாரைப் பாம்பும் ஓணானும் சிக்கிச் செத்துப் போகும். அணிலுக்கும் எலிக்கும் எந்தப் பிளாஸ்டிக் வலையும் ஒரு பொருட்டல்ல. அவை வரும் கொல்லையில் அடிப்பக்கம் இரண்டடிக்கு அரை அங்குலக் கம்பி வலை வேண்டும். மலையடிவாரத் தெருக்களில் குரங்கு வந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலையில்லை.

கோடை மழைக்கு முன் அடிக்கும் சூறைக்காற்றில் 40 மெஷ் பாய்மரம் போல் உப்பிச் சட்டத்தையே தூக்கும்; கொசு வலை பெரும்பகுதியை விட்டுவிடும். ஆனாலும் ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை வந்தால் எந்த வலையானாலும் முதல் நாளே கழற்றிவிடுங்கள். நன்றாக உலர்த்தி, சுருட்டி, எலி எட்டாத பரணில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மடித்து மூலையில் போட்டால் அடுத்த பட்டத்துக்கு எலிக் கூடுதான் எஞ்சும்.