மெமெண்டோ டிவிடி: பூட்டிய கோப்பாக வந்த ஒரு படம்

கையில் எடுக்கும்போது இது ஒரு திரைப்படத்தின் டிவிடி என்றே தோன்றாது. மனநல மருத்துவமனையில் ஒரு நோயாளியின் பெயரில் வைத்திருக்கும் கோப்பைப் போலவே அட்டையை வடிவமைத்திருக்கிறார்கள். மருத்துவர்கள் எழுதியவை போன்ற குறிப்புகளும் அவற்றின் ஓரங்களில் கையெழுத்துக் கிறுக்கல்களும் அதில் நிறைந்திருக்கின்றன. கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2000-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட மெமெண்டோ, 2001-இல் ஒருமுறை சாதாரணமாக டிவிடியில் வந்தது. நான் எழுதுவது அடுத்த ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த இரண்டு வட்டுகள் கொண்ட சிறப்புப் பதிப்பைப் பற்றி. பழைய பிரதி ஒன்றை வெகுநாள் தேடி வாங்கினேன். மடிப்புகளில் அட்டை தேய்ந்திருந்தாலும் வட்டுகளில் கீறல் இல்லை.

தலையில் அடிபட்டதிலிருந்து புதிய நினைவு எதையும் தக்கவைக்க முடியாத லெனர்ட் என்பவன், போலராய்டு புகைப்படங்களையும் உடம்பில் குத்திய பச்சைகளையும் நம்பி, தன் மனைவியைக் கொன்றவனைத் தேடுகிறான். வண்ணக் காட்சிகள் பின்னோக்கியும் கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முன்னோக்கியும் மாறி மாறி நகர்ந்து, கடைசியில் ஓரிடத்தில் சந்திக்கின்றன. நம்மில் பலர் இந்தக் கதையின் சாயலை முதலில் 2005-இல் வந்த கஜினியில்தான் பார்த்திருப்போம். மறதி, பச்சை, புகைப்படம் ஆகியவை அங்கேயும் உண்டு என்றாலும், அந்தப் படத்தின் உயிர் காதல் கதையில் இருக்கிறது. மெமெண்டோவின் உயிரோ காட்சிகளின் வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையை நம் கையாலேயே மாற்றிப் பார்க்க இந்தப் பதிப்பு வழி தருகிறது என்பதே இதை வாங்குவதற்கு முதன்மையான காரணம்.

ஆனால் அந்த வழி எளிதில் திறக்காது. வழக்கமான பட்டியலுக்குப் பதிலாக, உளவியல் தேர்வுத் தாள்களைப் போன்ற திரைகள் வருகின்றன. படத்தை ஓட்டுவதற்கே, சிதறிக் கிடக்கும் ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே ‘வாட்ச்’ (பார்) என்பதைக் கண்டுபிடித்து அழுத்த வேண்டும். இரண்டாம் வட்டில் கடிகாரப் படத்தைத் தேர்ந்து, அடுத்து வரும் கேள்விகளுக்கெல்லாம் ‘சி’ என்ற விடையையே கொடுத்துச் சென்றால், ஒரு பெண் காரின் பஞ்சரான டயரை மாற்றும் நான்கு ஓவியங்கள் தோன்றும். அவற்றை நிகழ்ந்த வரிசைக்கு நேர் எதிராக அடுக்கினால், காட்சிகளை நிகழ்ந்த வரிசையிலேயே தொகுத்து மறைத்து வைத்த படம் ஓடத் தொடங்கும். பின்னோக்கிச் செல்லும் படத்தை நேராக்க, நேராக நடக்கும் ஒரு செயலைப் பின்னோக்கி அடுக்கச் சொல்லியிருக்கும் நயத்தை நான் மிகவும் ரசித்தேன். எனினும், வெறுமனே ஒரு காட்சியைத் திரும்பப் பார்க்க நினைக்கும் நாளில் இந்தத் தேர்வுகள் பொறுமையைச் சோதிக்கின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த நேர்வரிசைப் படம், இறுதியில் வரும் பெயர்ப் பட்டியல் தலைகீழாக ஓடுவதில் தொடங்குகிறது. கறுப்பு வெள்ளைக் காட்சிகள் முதலில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பிறகு வண்ணம் தொடங்குகிறது. லெனர்ட் கையில் பிடித்திருக்கும் போலராய்டில் உருவம் மெல்லத் தெளியும்போது, அந்தப் புகைப்படத்தோடு சேர்ந்து திரை முழுவதும் வண்ணமாக மாறும் கணத்தை அசல் படத்தில் நான் இரண்டு முறை கவனிக்காமல் தவறவிட்டிருக்கிறேன். இங்கே அது படத்தின் நடுவில் கதவு திறப்பதைப் போலத் தெளிவாகத் தெரிகிறது.

இழப்பும் பெரிது. கேரி-ஆன் மாஸ் நடித்த நட்டாலி, லெனர்ட் எதையும் குறித்து வைக்க முடியாதபடி வீட்டிலுள்ள பேனாக்களையெல்லாம் பொறுக்கித் தன் கைப்பையில் போட்டுக்கொள்ளும் காட்சியை எடுத்துக்கொள்வோம். அசல் வரிசையில் அவளுடைய முகத்துக் காயத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். லெனர்டைப் போலவே அவளுக்காக இரங்குகிறோம். பேனாக்கள் மறைவது பிறகுதான் வருகிறது. நேர்வரிசையில் பேனாக்கள் முன்னே வந்துவிடுவதால், அவள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் நாம் முன்கூட்டியே அறிந்தவர்களாகி, லெனர்டை மேலிருந்து பார்த்துப் பரிதாபப்படுகிறோம். அவனோடு சேர்ந்து ஏமாந்த அனுபவம் போய்விடுகிறது. ஆகவே முதல் முறை பார்ப்பவர்கள் எக்காரணம் கொண்டும் இந்த வடிவத்தில் தொடங்கிவிடக் கூடாது. அசலை இரண்டு முறையாவது பார்த்த பிறகு இதைத் திறந்தால், டோடி டார்னின் படத்தொகுப்பு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டதற்கான காரணத்தை வேறு எந்த விளக்கமும் இல்லாமலே உணரலாம்.

ஜொனாதன் நோலன் எழுதிய மூலச் சிறுகதையும் வட்டில் இருக்கிறது. படத்திலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார்ப்பதற்காகவே படிக்கலாம். படம் ஓடும்போதே கேட்கக்கூடிய இயக்குநரின் விளக்க உரை அதைவிட முக்கியமானது. படத்தின் முடிவை நெருங்கும்போது உரை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமைவதில்லை: ஜோ பான்டோலியானோ நடித்த, லெனர்டின் நண்பனாகப் பழகும் டெடி உண்மை பேசுகிறான் என்று ஒருமுறை கேட்டால், அவனை நம்பக் கூடாது என்று இன்னொரு முறை கேட்க நேரிடும். படத்தை எடுத்தவரின் குரலைக்கூட ஒரே சாட்சியாக நம்பவிடாத இந்த ஏற்பாடு, லெனர்டின் நிலையை நம் வரவேற்பறைக்கே கொண்டுவந்துவிடுகிறது.

படத்தின் தெளிவை மட்டும் கருதுவோருக்கு 2006-இலும் 2011-இலும் வந்த ப்ளூ-ரே பதிப்புகள் ஏற்றவை. பெரிய திரையில் பார்க்கும்போது டிவிடியின் பழமை தெரிகிறது, குறிப்பாக வாலி ஃபிஸ்டர் ஒளிப்பதிவு செய்த கறுப்பு வெள்ளைக் காட்சிகளில் நிழலின் நுணுக்கங்கள் சற்றே மங்குகின்றன. டிவிடிகள் உலகப் பகுதிகளுக்கேற்ப மண்டலங்களாகப் பிரித்துப் பூட்டப்படுகின்றன; அமெரிக்கப் பிரதி முதலாம் மண்டலத்துக்கானது. இந்தியாவில் விற்கும் கருவிகள் ஐந்தாம் மண்டலத்துக்கானவை. எனவே எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் கருவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாங்குங்கள். கருவியின் தொலைக்கட்டுப்பாட்டில் அம்புக்குறி விசைகள் நன்றாக வேலை செய்கின்றனவா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் அந்த நான்கு ஓவியங்களை அடுக்க முடியாது.