டிராஃப்ட்கிங்ஸ் கோல்ஃப்: ஆறு பேரைத் தேர்வதில் உள்ள கணக்கு

நிஜ வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, களத்தில் அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டுத் தளம் அமெரிக்காவின் டிராஃப்ட்கிங்ஸ். அதில் கோல்ஃப் அணி அமைக்க, 50,000 டாலர் என்னும் கற்பனைச் சம்பள வரம்புக்குள் ஆறு வீரர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சராசரியாகத் தலைக்கு 8,333 டாலர்தான் என்பதால், ஸ்காட்டி ஷெஃப்லர் போன்ற விலை உயர்ந்த முன்னணி வீரரை எடுத்த மறுகணமே கடைசி இரண்டு இடங்களுக்குக் கையைக் கடிக்கத் தொடங்கிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் புள்ளி முறை. ஒரு குழிக்கென வகுத்த அடிகளிலேயே முடித்தால் அது 'பார்'; ஓரடி குறைந்தால் 'பேர்டி', ஓரடி கூடினால் 'போகி'. பேர்டிக்கு 3 புள்ளிகள், பாருக்கு அரை. போகி என்றால் அரைப் புள்ளி கழியும். பதினெட்டுக் குழிகளையும் பாரில் முடிப்பவருக்கு, போனஸை ஒதுக்கிவைத்தால், 9 புள்ளிகளே சேர்கின்றன. நான்கு பேர்டியும் நான்கு போகியும் அடித்து அதே ஸ்கோரில் முடிப்பவருக்கோ 15 கிடைக்கின்றன. ஆகவே நிதானமானவரைவிடத் துணிந்து அடிப்பவருக்கே இங்கே மதிப்பு அதிகம்.

அந்தத் துணிச்சலுக்குக் கடிவாளம் போடுவது, முதல் இரண்டு நாள்களின் 36 குழிகளுக்குப் பின் வரும் 'கட்' என்னும் வெளியேற்றம். ஆகஸ்டா மைதானத்தில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியில் முதல் 50 இடங்களுக்குள், சமநிலையினர் உட்பட, வராதவர் சனி, ஞாயிறுகளில் ஆடுவதே இல்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு கணிப்புத் தரும் ஒரு தளத்தை நம்பி நான் எடுத்த மலிவு விலை வீரர்கள் இருவர் வெள்ளிக்கிழமையே மூட்டை கட்டிவிட்டனர். மீதி நால்வரை வைத்துக்கொண்டு ஞாயிறு முழுவதும் வேடிக்கை பார்த்தேன். ஆகஸ்டாவில் ஐந்து அடிகள் வகுத்த பார்-5 குழிகளில் யாரால் இரண்டே அடியில் கிரீனை, அதாவது குழியைச் சுற்றியுள்ள புல்தரையை, எட்ட முடியும் என்று நானே பார்த்துத் தேர்ந்திருக்கலாம்.